பிளேட்லெட் இறங்குகிற வரைக்கும்

பை பாதிக்குமேல் இறங்கிவிட்டது. வடிகட்டின மோரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் விழுந்த மாதிரி நிறம். ரத்தம்தான் நிதானமாக ஏற்றுவார்கள், பிளேட்லெட் மளமளவென்று இறங்கிவிடும், இதெல்லாம் மானிடவியல் முதுகலை படிக்கிற ஒருத்திக்கு எதற்குத் தெரியவேண்டும் என்று முன்பெல்லாம் கோபம் வரும், இப்போது வருவதில்லை, கோபம் இருந்த இடத்தில் பல் பிடுங்குமுன் போடுகிற ஊசி மாதிரி ஒரு மரப்பு, தொட்டால் அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது, அது என்னுடையதுதானா என்று தெரியவில்லை. எதிரில் சாய்வு நாற்காலியில் என் தம்பி கிஷோர். பிளஸ் டூ. அவன் எலும்பு மஜ்ஜை ரத்தம் செய்வதை நிறுத்திக்கொண்டே வருகிறது, ஒரேயடியாக இல்லை, ஆளைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் ஒருநாள் கதவைச் சாத்துகிற மில் மாதிரி. ஒரு காதில் இயர்போன், இன்னொரு காதைத் திறந்து வைத்திருக்கிறான், ஏன்டா என்றால் "நீ சிஸ்டர்கிட்ட சண்டை போட்டா கேக்கணும்ல யக்கா, அதுதான் இங்க ஒரே டைம்பாஸ்" என்கிறான். இன்றைக்கு யாரிடமும் சண்டை போடவில்லை. ஊசியை இரண்டு தடவை மாற்றிக் குத்தினார்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "யக்கா, காலை ஆட்டாத." "ஆட்டல." "அப்ப தரை ஆடுதா? ரிசல்ட் என்ன உனக்கா எனக்கா, நீ ஏன் பரிட்சைக்குப் போறவ மாதிரி ஒக்காந்திருக்க." எனக்குத்தான்டா ரிசல்ட் என்று சொல்லவந்து, அதுவும் சரியில்லை என்று தோன்றி, வாயை மூடிக்கொண்டேன். ரிசல்ட் என் பேரில் வரும். தேறவேண்டியது அவன்.

எஸ்தர் டாக்டர் கூப்பிடுவார். "பிளேட்லெட் முடியறதுக்குள்ள கூப்பிடறேன், சிந்துஜா" என்று காலையில் நடைவழியில் சொல்லிவிட்டுப் போனார், சிரித்தாரா சிரிக்கவில்லையா என்பதை அதிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன், அவருக்கு முகமே அப்படித்தான், மழை வருமா வராதா என்று சொல்லமுடியாத வானம். என் ரத்தத்தை எடுத்து அதில் ஒரு மருந்தைக் கலந்து வைத்திருக்கிறார்கள். அந்த மருந்து குரோமோசோம்களை உடைக்கப் பார்க்கும். நல்ல உடம்பு உடைந்ததைத் தானே ஒட்டிக்கொள்ளும். ஃபான்கோனி என்கிற நோய் இருக்கிற உடம்புக்கு ஒட்டத் தெரியாது, உடைந்தது உடைந்தபடி கிடக்கும், இல்லையென்றால் ஒன்றின் துண்டு இன்னொன்றோடு போய்த் தப்பாக ஒட்டிக்கொண்டு நிற்கும், யாரோ ஒருவர் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து உடைந்தவற்றை எண்ணுவார். கிஷோருக்கு எண்ணிப் பார்த்துத்தான் பேர் வைத்தார்கள், ஃபான்கோனி, அதுவரை ஊரில் மூன்று டாக்டர்கள் மூன்று பேர் வைத்திருந்தார்கள், சத்துக் குறைவு, டெங்கு, கடைசியில் ஒருவர் கேன்சர் என்றே சொல்லி அம்மாவைத் தரையில் உட்காரவைத்தார். அவன் இடது கட்டைவிரல் சின்னதாக, பச்சை மிளகாய் மாதிரித் தொங்கிக்கொண்டிருப்பதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அம்மா வயிற்றுப்பிள்ளையோடு கிரகணத்தில் வெளியே வந்துவிட்டாள் என்று ஊரில் அதற்கொரு காரணம் ஏற்கெனவே இருந்தது, காரணம் இருக்கிற இடத்தில் யார் காரணம் தேடுவார்கள். எஸ்தர் டாக்டர்தான் முதல்நாள் அவன் கையைப் பிடித்து அந்த விரலை மெதுவாக மடக்கிப் பார்த்து, "எப்பலேருந்து இப்படி?" என்றார். "பொறந்ததுலேருந்து" என்றான் கிஷோர், "இதுல ரிமோட் கூட அமுக்க முடியாது மேடம்." அந்த மில்லைத் திறக்க ஒரே வழி, வேறொருவர் மஜ்ஜையை இவனுக்கு ஏற்றுவது. அதற்கு அணுக்களின் அடையாளம் பொருந்தவேண்டும். அப்பாவும் அம்மாவும் பாதிதான் பொருந்தினார்கள், பாதியை வைத்தும் செய்யலாம், ஆனால் அதற்குக் கொடுக்கிற கடுமையான மருந்துகளை இவன் உடம்பு தாங்காது என்றார் டாக்டர், மற்றவர்களுக்குக் கொடுக்கிற அளவு கொடுத்தாலே இவன் உடைந்துபோவான். நான் பொருந்தினேன். பத்துக்குப் பத்து. அன்றைக்கு அம்மா இந்த வார்டு முழுக்க லட்டு கொடுத்தாள், லட்டு சாப்பிடக்கூடாத பிள்ளைகளுக்கும். அதற்கு மறுநாள்தான் டாக்டர் என் சாதாரண ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "உனக்கும் பிளேட்லெட் கொஞ்சம் கம்மியா இருக்கே" என்றார், பேச்சோடு பேச்சாக. "எப்படியும் கூடப்பிறந்தவங்களுக்கு உடைகிற டெஸ்ட் பண்ணாம நாங்க எடுக்கமாட்டோம். நோய் வெளியில தெரியாமலே இருக்கலாம்." என் கட்டைவிரல்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. அன்றிலிருந்து மடக்கி மடக்கிப் பார்க்கிறேன். நான் குள்ளம், விவாத மேடையில் எனக்காக எப்போதும் மைக்கைத் தாழ்த்தவேண்டியிருக்கும், ஆனால் எங்கள் வீட்டில் எல்லாருமே குள்ளம். இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல் மச்சம், டிக்காஷன் போதாத காபி நிறத்தில், அதை அதிர்ஷ்டம் என்று சொல்லியே வளர்த்தார்கள். டாக்டர் சட்டையைக் கொஞ்சம் தூக்கச்சொல்லி அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததை வைத்து எத்தனை நாள் ஒருத்தி வாதாடமுடியும்.

சொந்தத்துல கல்யாணமா? இந்த ஆஸ்பத்திரியில் பேரைக் கேட்டதும் அடுத்துக் கேட்கிற கேள்வி அது. ரத்தம் எடுக்கிற பெண் கேட்டாள், மருந்து எழுதுகிற பையன் கேட்டான், மரபு ஆலோசகர் என்று ஒரு அறையில் உட்காரவைத்து ஓர் இளம்பெண் வெள்ளைத்தாளில் படம் போட்டுக்கொண்டே கேட்டாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "என் தாய்மாமாதான் எங்க வீட்டுக்காரர்" என்றாள். அம்மா அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவாள், பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டாள், கல்யாணத்துக்கு அப்புறம் வார்த்தையை மாற்றவேண்டிய வேலைகூட இல்லை. அந்தப் பெண் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இருவருக்கும் நடுவே ஒற்றைக்கோடு போடாமல், சொந்தம் என்பதால் இரட்டைக்கோடு போட்டாள். எங்கள் துறையில் ஆணுக்கு முக்கோணம். மற்றதெல்லாம் ஒன்றுதான். போன வருஷம் கரும்பலகையில் இதே படத்தை என் பேராசிரியர் போட்டு, பாருங்கள், பெண் பிறந்த வீட்டைவிட்டு வெளியே போகாமலே புகுந்த வீட்டுக்குப் போய்விடுகிறாள், எவ்வளவு நேர்த்தியான அமைப்பு என்றார், நான் எழுந்து, யாருக்கு நேர்த்தி சார், நிலத்துக்கா பெண்ணுக்கா, வீட்டிலேயே வளர்ந்த சிறுமியை முப்பது வயசு ஆளுக்குப் பேசி முடிக்கிறதில் என்ன அமைப்பு என்று கேட்டேன், வகுப்பு கைதட்டியது. அதே நான், அந்த ஆலோசனை அறையில், அம்மா தலை குனிந்ததும், "மேடம், லட்சக்கணக்கான பேர் இப்படிக் கட்டிக்கிட்டு நல்லாத்தான் இருக்காங்க, நீங்க கேக்கற தொனி சரியில்ல" என்றேன். அவள் பென்சிலை நிறுத்திவிட்டு, "நான் குத்தம் சொல்லல, கோடு போட்டாகணும்" என்றாள். வருஷம் திரும்புவதற்குள் இரண்டு பக்கமும் பேசிவிட்டேன், இரண்டு பக்கமும் ஜெயித்துவிட்டேன், ஜெயித்து என்ன, படத்தின் அடியில் ஒரு கருப்புச் சதுரம், கிஷோர், அதற்குப் பக்கத்தில் ஒரு வட்டம், உள்ளே எதையும் தீட்டாமல் ஒரு கேள்விக்குறி. அது நான். அந்தக் கேள்விக்குறி என் கண்ணுக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கிறது, சோற்றைப் பிசைந்தால் நடுவில் நிற்கிறது, பஸ் கண்ணாடியில் நிற்கிறது, இந்தப் பையிலிருந்து இறங்குகிற குழாய் ஓரிடத்தில் வளைந்து கீழே ஒரு சொட்டு தொங்கும்போது அதுவும் அப்படித்தான் இருக்கிறது, வேறெங்காவது பார்க்கலாம் என்று பார்த்தால் சன்னலோரம் அப்பா நிற்கிறார், முதுகு வளைந்து, காலடியில் தண்ணீர்ப் பாட்டில். இதை நினைத்துச் சிரிக்கலாம். சிரிப்பு வரவில்லை.

அப்பாவுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. பேசினதெல்லாம் தனபால் மாமா, அம்மாவின் அண்ணன். கிஷோருக்கு முதல்முதலில் மூக்கில் ரத்தம் நிற்காமல் வந்து கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, ரத்தம் ஏற்றவேண்டும் என்று சொன்னதும், மாமா வேன் பிடித்துச் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார், கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி, வாசலில் நின்றுகொண்டு, "ஊரான் ரத்தம் எம் மருமகன் ஒடம்புல ஒரு சொட்டு ஏறக்கூடாது, எவன் என்ன சாதியோ, என்ன குடிச்சானோ, நம்ம ரத்தம் இருக்கப்ப நமக்கென்ன குறைச்சல்" என்றார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள், சித்தப்பா, பெரியப்பா மகன்கள், மதினி ஒருத்தி, பெருமையாக, ரத்தம் கொடுத்துவிட்டு ஜூஸ் குடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார்கள். மாசாமாசம் வேன் வந்தது. "மாமா, ரத்தத்துல சாதி தெரியாது, குரூப்தான் தெரியும்" என்றேன். "வந்துட்டா, மைக் இல்லாமலே பேசுவா" என்றார். இங்கே வந்த முதல்நாள் எஸ்தர் டாக்டர் அதுவரை ஏற்றின ரத்தமெல்லாம் யாருடையது என்று கேட்டார். மாமா நெஞ்சை நிமிர்த்தி, "எல்லாம் எங்க ஆளுக ரத்தம்தான் டாக்டர், வெளி ரத்தமே ஏத்தல" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "மஜ்ஜை கொடுக்க வாய்ப்பிருக்கிற சொந்தக்காரங்க ரத்தம் இவனுக்கு ஏறவே கூடாது. அந்த அணுக்களை உடம்பு பார்த்துப் பழகி எதிரின்னு முடிவு பண்ணிடும். நாளைக்கு அதே ஆளோட மஜ்ஜையை வச்சா, உள்ளேயே நிக்க விடாது, தள்ளிடும். முன்பின் தெரியாதவங்க ரத்தம்தான் இவனுக்கு நல்லது." மாமா என்னைப் பார்த்தார், நான்தான் இதை டாக்டருக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி. அப்புறம் ஊருக்குப் போய்விட்டார், போன் செய்தால் அத்தைதான் எடுக்கிறாள். இதோ இந்தப் பையில் இருப்பது யாருடையது என்று எனக்குத் தெரியாது. ஓர் எண் இருக்கிறது. யாரோ மதிய இடைவேளையில் வந்து கையை நீட்டிப் படுத்துவிட்டுத் திரும்ப வேலைக்குப் போயிருப்பார். வேனில் வந்த அத்தனை பேரையும்விட அவர்தான் என் தம்பியின் மூக்கில் இன்றைக்கு ரத்தம் வராமல் பார்த்துக்கொள்கிறார், இதை வைத்து நான் எத்தனை நல்ல பேச்சு பேசியிருப்பேன், பரிசே வாங்கியிருப்பேன், இப்போது அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

ஊரில் வேறொரு கட்சி இருக்கிறது, அதற்கு அத்தைதான் தலைவி. என் வாய்தான் கிஷோரைப் பிடித்தது என்பது கட்சியின் கொள்கை. அவனுக்கு நோய் வருமுன், தனபால் மாமாவின் மகன் பிரசன்னாவுக்கு என்னைக் கேட்டு வந்தார்கள், கேட்டு என்ன, பிறந்தபோதே முடிந்த பேச்சு, தேதி குறிக்க வந்தார்கள். பிரசன்னா தீப்பெட்டி ஆபீஸ் பார்த்துக்கொள்கிறான், நல்லவன்தான், அவன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அதைத்தான் அன்றைக்கும் சொன்னேன். தட்டில் பூ, பழம், வெற்றிலை, எல்லாரும் பாயில், நான் அவனைப் பார்த்து நேராகவே சொன்னேன். அத்தான் என்று கூப்பிடமாட்டேன், பேர்தான். "பிரசன்னா, எங்க அம்மா அவ மாமனைக் கட்டியிருக்கா, உங்க அப்பா அம்மாவும் சொந்தம். ஒரே கொடத்துத் தண்ணியை எத்தனை தடவை மாத்தி மாத்தி ஊத்துறது. நமக்குப் பொறக்கற பிள்ளைக்கு என்ன நோய் வரும்னு தெரியாம நான் கட்டிக்கமாட்டேன்." அத்தை, "சொந்தத்துல கட்டினவ வயித்துலதான்டி நீ பொறந்த, உனக்கென்ன நொட்டை?" என்றாள். பிரசன்னா பாயிலிருந்து எழுந்து, "விடும்மா, வேணாம்னு சொல்லுதவள கட்டி தெனமும் பட்டிமன்றமா கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்துத் தின்றுகொண்டே போய்விட்டான். அடுத்த மழைக்காலத்தில் கிஷோருக்கு மூக்கில் ரத்தம். கருநாக்கு என்றார்கள். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபம், ஐயோ, வீட்டுக்குள் நடந்துகொண்டே மரபணு பாடம் எடுத்தேன், நோய் நான் பேசினதால் வரவில்லை, நீங்கள் சொந்தத்தில் கட்டினதால் மட்டும் வந்ததும் இல்லை, ஒரு மரபணு, இரண்டு பக்கமும் ஒளிந்திருந்து இரண்டும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான், என் வாய்க்கு அவ்வளவு சக்தி இருந்தால் முதலில் உங்கள் வாயைக் கட்டியிருப்பேன் என்று. கேட்டுக்கொண்டிருந்தது கிஷோர் மட்டும்தான். "சூப்பர் யக்கா, ரெண்டாவது பாயின்ட் கொஞ்சம் வீக்" என்றான். நொட்டை. உனக்கென்ன நொட்டை. அத்தையின் அந்தக் கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், அதற்கு மட்டும் இல்லை, அதற்குத்தான் மைக்ரோஸ்கோப் முன்னால் யாரோ உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், எண்ணி முடித்திருப்பார்கள், இந்நேரம் எழுதியும் இருப்பார்கள், எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அது அங்கே உண்மையாக இருக்கிறது, நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே.

"சிந்துஜா, மேடம் கூப்பிடறாங்க. நீங்க மட்டும்." சிஸ்டர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றாள். அப்பா சன்னலிலிருந்து ஓரடி எடுத்துவைத்தார். "நீங்க மட்டும்" என்பது அவர் காதிலும் விழுந்திருக்கவேண்டும், நின்றுவிட்டார். அம்மா கீழே காபி வாங்கப் போயிருந்தாள். அறை சின்னது, ஏசி சத்தம், மேசையில் பாதி தின்ற சாண்ட்விச். உட்காருவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது, ஏனென்றால் இப்போது எஸ்தர் டாக்டர் முகம் தெளிவாக இருந்தது. "உனக்குச் சுத்தி வளைச்சுச் சொன்னா பிடிக்காது, இல்லையா?" என்றார். "பிடிக்காது." "பாசிட்டிவ்மா. உனக்கும் இருக்கு." ஏசி சத்தம். நான் என்ன சொன்னேன் என்றால், "உடைஞ்சது எத்தனை" என்று கேட்டேன், மதிப்பெண் கேட்கிற மாதிரி. சொன்னார். அந்த எண் மனசில் நிற்கவில்லை. அப்புறம் அவர் பேசினார், நான் கேட்டேன், ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது, எதுவும் என்மேல் படவில்லை. உன் மஜ்ஜை இப்போதைக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, பல வருஷம்கூட ஓடலாம், மூன்று மாசத்துக்கு ஒருமுறை ரத்தம், வருஷத்துக்கொரு முறை மஜ்ஜை, வாய், தொண்டை, கர்ப்பப்பை வாய் எல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், தேவையில்லாமல் எக்ஸ்ரே எடுக்கக்கூடாது, எடுக்கச்சொல்கிற டாக்டரிடம் நோயின் பேரைச் சொல்லிச் சண்டை போடு, அது உனக்கு வரும். "கிஷோருக்கு?" என்றேன். "உன்கிட்டேருந்து எடுக்க முடியாது. எவ்வளவு பொருந்தினாலும். அவன்கிட்ட இருக்கிற அதே கோளாறைத் திரும்ப அவனுக்கே வச்ச மாதிரி." பத்துக்குப் பத்து. லட்டு. "டோனர் பதிவேட்டிலயும் தேடறோம், நம்ம ஆளுங்க அதுல ரொம்பக் கம்மி. ஆனா உங்க குடும்பத்துல ஒரு விஷயம் இருக்கு. வெளியில கட்டற குடும்பத்துல கூடப்பிறந்தவங்களைத் தாண்டிப் பார்க்கறதே வீண். உங்களது இப்படி உள்ளுக்குள்ளேயே பின்னிக் கிடக்கறதால, மாமா பிள்ளைகள் யாராவது முழுசாப் பொருந்த வாய்ப்பிருக்கு. நிச்சயம்னு சொல்லல. கேரியரா, அதாவது அந்த மரபணு ஒரு பக்கம் மட்டும் இருக்கிறவரா இருந்தாலும் பரவாயில்ல, நோய் இருக்கக்கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "இவனுக்கு இதுவரை ரத்தம் கொடுக்காத ஆளா இருக்கணும். அப்படி யாராவது மிச்சம் இருக்காங்களா?" என்றார். வேன் வந்து நின்றது என் தலைக்குள், ஒவ்வொருவராக இறங்கினார்கள், சட்டைக் கையைச் சுருட்டினார்கள், ஒவ்வொரு பேராகப் பட்டியலிலிருந்து அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் வாசலுக்கு வெளியே ஒருத்தன் நின்றான். பிரசன்னா. முதல் வேன் வந்ததற்கு முந்தின மாசம்தான் முன்னங்கையில் சிங்கமுகம் பச்சை குத்தியிருந்தான், பார்ப்பதற்குச் சளி பிடித்த பூனை மாதிரி இருக்கும், பச்சை குத்தி ஒரு வருஷம் ஆகாமல் ரத்தம் எடுக்கமாட்டோம் என்று ரத்த வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லார் முன்னாலும் மாமா அவன் பிடரியில் ஒன்று வைத்தார், "சொந்த மச்சினனுக்கு ஒதவாத கை என்ன கைலே." அதற்கப்புறம் அவன் வேனில் ஏறவே இல்லை. "ஒருத்தர் இருக்கார்" என்றேன். "நீயே பேசறியா, நாங்க பேசணுமா?" "நானே பேசறேன்." பழக்கம். யோசிப்பதற்கு முன்னால் கையைத் தூக்குகிற பழக்கம்.

நடைவழியின் கோடியில், தீயணைப்புக் குழாய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போன் செய்தேன். அங்கிருந்து பார்த்தால் கிஷோரின் கால் மட்டும் தெரிந்தது, பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேனா என்று தெரியவில்லை, எதுவும் நினைத்ததாகத் தெரியவில்லை. எடுத்தான். பின்னால் மிஷின் இரைச்சல், தீக்குச்சி அடுக்குகிற சட்டங்கள் தடதடவென்று. "யாரு?" "நான்தான்." "ஊர்ல எத்தனையோ நான்தான் இருக்கு." "சிந்துஜா." "அட. பேரெல்லாம் சொல்லுதீக. என்ன, கிஷோருக்கு எப்படி இருக்கு?" சொன்னேன். எனக்கும் இருக்கிறது என்று சொன்னேன். தடதடப்பு மட்டும் கேட்டது. நொட்டை என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தால் என்ன செய்வது என்று ஒருகணம், அது அத்தையின் வார்த்தை, அவனுடையது இல்லை, ஆனாலும். "அப்ப அவனுக்கு யாரு குடுப்பா?" என்றான். அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது, மேடையில் வருகிற மாதிரி வரிசையாக வந்தது, முதலில் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள், நோய் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள், பொருந்தினால் மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் எடுப்பார்கள், கொஞ்சநாள் வலிக்கும், திரும்ப ஊறிவிடும், வேண்டாம் என்று சொல்ல உனக்கு முழு உரிமை இருக்கிறது, மாமா சொன்னார் அம்மா அழுதாள் என்று யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தமுடியாது, அன்றைக்கு நான் பேசினதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவேண்டியதில்லை, பார்த்தாலும் அது உன் இஷ்டம். "கேக்கறதுக்கு முந்தி நீயே தீர்ப்பையும் சொல்லிருவியா? மூச்சு விடு புள்ள" என்றான். "எடுக்கச் சொல்லு. நாளைக்கு வாரேன். அப்பாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்." நன்றி என்று சொல்லவேண்டும். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற வார்த்தை இல்லை. "ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான். "உங்க ரெண்டு பேருக்கும் எல்லாம் ஒண்ணுபோலப் பொருந்துச்சுன்னு அத்தை லட்டு குடுத்ததா அம்மா சொல்லுச்சு. அப்ப எனக்கும் அவனுக்கும் பொருந்துனா, உனக்கும்தான பொருந்தும்?" டாக்டரின் அறையில் அத்தனை கேட்டேன், இதைக் கேட்கவில்லை. மரபணு பாடம் எடுத்தவள் நான். "பொருந்தும்" என்றேன். "அவனுக்குக் கேட்டாச்சு. உனக்கு எப்ப கேப்ப?" "எனக்கு இப்ப வேண்டியதில்ல, பல வருஷம் ஆகலாம், ஆகாமலும் போகலாம், அது ஒரு நிகழ்தகவு." "அதைக் கேக்கல நான்." யோசித்துப் பார்த்தேன், அவன் கேட்டதற்கு எதிராக என்னிடம் ஒரு பாயின்ட்கூட இல்லை. என் கை தானாக இடுப்புக்கு மேலே சட்டைமேல் போய் நின்றது. எதிரில் நடைவழியில் அம்மா இரண்டு காபி டம்ளர்களோடு வந்துகொண்டிருந்தாள், சிந்தாமல், டம்ளர்களையே பார்த்துக்கொண்டு, இன்னும் என்னைப் பார்க்கவில்லை. "எனக்கும் வேணும்" என்றேன். "என்ன?" "எனக்கும் வேணும், பிரசன்னா." "கேக்கல, இரு" என்றான், போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்து, "ஏலே, மிஷினை நிப்பாட்டு" என்று கத்தினான். தடதடப்பு ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் ஒன்று தனியாகச் சுற்றி, அதுவும் நின்றது. அவ்வளவு பெரிய அமைதி போனுக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. "இப்பச் சொல்லு" என்றான்.

மறுபடியும் சொன்னேன்.